விவிலிய மொழிகளில் மேற்படிப்பு: எங்கே சேர்வது, எதைப் பார்த்துச் சேர்வது?

வருடா வருடம் மே மாதம் வந்துவிட்டால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் முடித்த பையன்கள், பி.டி. முடிக்கப்போகும் பிள்ளைகள், நடுநடுவே ஐ.டி. வேலையில் இருந்துகொண்டே கிரேக்கம் படிக்கும் ஓரிருவர். போன வருடம் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“ஸ்தோத்திரம் ஐயா. எபிரேயம், கிரேக்கம் ரெண்டுலயும் மேல படிக்கணும்னு ஆசை. எருசலேமுக்குப் போகலாமா, ஆக்ஸ்ஃபோர்டா, இல்ல பெங்களூரே போதுமா?”

“ஊரை அப்புறம் பார்க்கலாம் தம்பி. லூக்கா பதினஞ்சு இருபது கிரேக்கத்துல இருக்கா கையில? வாசிங்க.”

வாசித்தார். தங்குதடையில்லாமல் அர்த்தமும் சொன்னார்.

“நல்லது. இப்ப யூதித்து முதல் அதிகாரம், முதல் வசனம்.”

“அது நம்ம பைபிள்ல இல்லையே ஐயா?”

“இல்லைங்கறதாலதான் கேக்கறேன்.”

இணையத்தில் தேடி எடுத்தார். “பன்னிரண்டாம் வருஷத்துல… நேபுகாத்நேச்சார்… பாபிலோன்ல அரசாண்டப்போ…” என்றார். வரியில் பாபிலோன் என்ற சொல்லே கிடையாது. கத்தோலிக்க வேதாகமத்தில் இருந்து புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் இல்லாத யூதித்து நூலில் நேபுகாத்நேச்சார் அசீரியருக்கு ராஜா, அரசாளும் ஊர் நினிவே. அப்படித்தான் அந்த வரி எழுதியிருக்கிறது. தம்பியின் கண் வரியில் இருந்தது, வாய் ஞாயிறு பள்ளியில் கேட்டதைச் சொன்னது.

நம் ஊர்ப் பிள்ளைகள் விவிலிய மொழிகளில் சறுக்கும் இடம் இதுதான். ஆறு வயதிலிருந்து வசனம் ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். யோவான் முதல் அதிகாரத்தைக் கிரேக்கத்தில் திறந்தால், இரண்டு சொல் புரிந்தவுடன் மீதி மனப்பாடத்திலிருந்து வந்து நிரம்பிவிடும். படித்துவிட்டோம் என்று நாமே நம்பிவிடுவோம். ஆகவே எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கப் போனாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அங்கே, மனப்பாடம் கைகொடுக்காத பகுதிகளை, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, வாரத்துக்கு எத்தனை வரி வாசிக்க வைப்பார்கள்? இனி வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கும் வழிகள்.

முதல் படி: உங்கள் நிலையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

ஒரு சனிக்கிழமை காலை இதற்கு ஒதுக்குங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சொல்லைத் தொட்டால் இலக்கணக் குறிப்பு காட்டும் மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஓர் அச்சு அகராதி, ஒரு கடிகாரம் போதும்.

எபிரேயத்துக்கு ரூத் முதல் அதிகாரம், 22 வசனங்கள். எத்தனை முறை அகராதியைத் திறந்தீர்கள் என்று கோடு போட்டுக்கொண்டே வாசியுங்கள். அது முடிந்ததும் சீலோவாம் கல்வெட்டை எடுங்கள். எருசலேமில் நீர்ச் சுரங்கம் வெட்டியவர்கள் இரண்டு பக்கமிருந்து குடைந்து வந்து சந்தித்ததைச் சொல்லும் ஆறு வரி. 1880இல் கண்டெடுத்தார்கள், இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய எழுத்தில் வேண்டாம், நாம் பழகிய சதுர எழுத்தில் அச்சிட்ட பாடமே போதும். அதில் “கோல் ஈஷ் கோரே எல் ரேஓ” என்று ஓர் இடம் வரும்: ஒருவன் தன் தோழனைக் கூப்பிடுகிற சத்தம். கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்கிறது. ரூத்தை ஒரு மணி நேரத்தில் முடித்த நீங்கள் இந்த ஆறு வரிக்கு அரை நாள் எடுத்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. உயிர்க்குறி இல்லாத எழுத்து, சிதைந்த இடங்கள், தமிழ் வேதாகமத்தில் துணைக்கு வரி கிடையாது. அந்த அரை நாள்தான் உங்கள் உண்மையான நிலை.

கிரேக்கத்துக்கு மாற்கு 4, அதன்பின் எபிரெயர் நிருபத்தின் முதல் நான்கு வசனங்கள், அதன்பின் யூதித்து அல்லது தோபித்தில் ஒரு பத்தி. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 5,400 தனிச்சொற்கள் உண்டு. அவற்றில் 50 தடவைக்கு மேல் வருபவை முந்நூற்றுச் சொச்சம்தான், ஆனால் அந்த முந்நூறே மொத்தப் பாடத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிவிடும். மாற்கு சுலபமாக ஓடுவதற்கும் எபிரெயர் நிருபத்தில் மூச்சுத் திணறுவதற்கும் காரணம் அதுதான்.

அரமேயத்தை மறந்துவிட வேண்டாம். தானியேல் 2:4 முதல் ஏழாம் அதிகாரம் முடிய, எஸ்றாவில் இரண்டு பகுதிகள், எரேமியா 10:11, ஆதியாகமம் 31:47இல் இரண்டு சொல். எல்லாம் சேர்த்து 270 வசனத்துக்குள் அடங்கிவிடும். ஒரு பருவத்தில் முடிக்கக்கூடியது. இருந்தும் “அரமேயம் தெரியாது” என்ற ஒரே காரணத்தால் நல்ல நல்ல விண்ணப்பங்கள் பின்னுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சோதனையில் ரூத்தே தடுமாறுகிறது என்றால் இப்போதைக்கு எந்த முதுகலைக்கும் விண்ணப்பிக்க வேண்டாம். ஒரு வருடம் இருந்த இடத்திலேயே தினமும் பத்து வசனம் வாசியுங்கள். வெளிநாட்டில் ஓராண்டு முதுகலையில் வகுப்பு நடப்பது ஒன்பது, பத்து மாதத்துக்குள்தான். அதில் நான்கு மாதத்தை வினைச்சொல் வாய்பாட்டுக்குச் செலவழிப்பது, விமானம் ஏறிப் போய் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்காருவது போல.

இரண்டாம் படி: எதற்காகப் படிக்கிறீர்கள்?

சபையில் பிரசங்கிப்பதற்கு என்றால், உண்மையைச் சொல்கிறேன், உங்களுக்குத் தனியாக மொழி முதுகலை தேவைப்படாது. பி.டி.யில் எடுத்த மொழியை விடாமல் வைத்திருப்பதே பெரிய காரியம். இறையியல் கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்றால் பழைய ஏற்பாடு அல்லது புதிய ஏற்பாட்டில் எம்.டிஎச். என்ற இறையியல் முதுகலை, பிறகு முனைவர் பட்டம் என்பதுதான் நம் ஊர் நடைமுறை.

மொழிபெயர்ப்புப் பணிக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது இன்னும் வேறு. மாற்கு 4:38ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புயலில் சீடர்கள் இயேசுவை எழுப்பி, நாங்கள் மடிந்துபோவது உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள். கிரேக்கத்தில் அது ஒரே ஒரு வினைச்சொல்: “அப்பொல்லூமெதா”. தன்மைப் பன்மை, அவ்வளவுதான். ‘நாம்’ மடிகிறோமா, ‘நாங்கள்’ மடிகிறோமா என்று கிரேக்கம் சொல்லாது. தமிழ் சொல்லியே ஆக வேண்டும். படகில் இயேசுவும் இருக்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் மூழ்குவார் என்ற பயம். ‘நாங்கள்’ என்றால் உமக்கென்ன என்ற குறை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உரைநூல்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை, அந்த மொழிக்கு அந்தத் தேவையே இல்லை. 1715இல் தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு வந்த காலம் முதல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொருவரும் இதைத் தீர்மானித்தே கடந்திருக்கிறார்கள். உங்கள் நோக்கம் இந்தப் பணி என்றால் மொழியியலும் சேர்ந்த படிப்பு வேண்டும். தென்னாப்பிரிக்காவில் புளூம்ஃபொன்டைனில் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எபிரேயத் துறை, மொழியியலையும் வேதாகம மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கற்பிப்பதற்குப் பெயர்பெற்றது. நம் ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஆராய்ச்சிதான் இலக்கு என்றால், அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

மூன்றாம் படி: இறையியல் துறையா, செமித்தியத் துறையா?

ஒரே எபிரேயத்தை இரண்டு விதமான வீடுகளில் படிக்கலாம். இறையியல் துறையில் மொழி ஒரு கருவி. வசனத்துக்குப் பொருள் காண அது வேண்டும். செமித்திய மொழித் துறையிலோ மொழியே ஆய்வுப்பொருள். எபிரேயத்துக்குப் பக்கத்தில் அதன் உறவு மொழிகளான உகரித்து, அக்காடியம், சீரியாக், மோவாபியக் கல்வெட்டு எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

வித்தியாசம் விளங்க ஒரு சொல். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் “துக்கியீம்” என்று ஒன்று உண்டு. 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21 ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே வரும் சொல். நம் வேதாகமத்தில் மயில்கள். அது தமிழ்த் ‘தோகை’யிலிருந்து போனது என்ற கருத்தைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துப் பேசினார். நமக்குக் கேட்கவே இனிப்பாக இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அது எகிப்திய மொழியிலிருந்து வந்த குரங்குப் பெயர் என்று வாதிடுவோரும் உண்டு. முன்னால் நிற்கும் சொல்லும் குரங்குதான், ஆகவே இரண்டும் இரண்டு வகைக் குரங்காக இருக்கலாம் என்பது அவர்கள் கட்சி. இறையியல் துறையில் இதை அடிக்குறிப்பில் தாண்டிவிடுவார்கள். செமித்தியத் துறையில் ஒரு வாரம் இதிலேயே உட்கார வைத்து, தமிழில் தோகை என்பதற்குப் பழைய சான்று எங்கே, எகிப்தியத்தில் அந்தச் சொல் எப்படி எழுதப்பட்டது, ஒலி எப்படி மாறும் என்று தோண்டச் சொல்வார்கள். இந்த வாரம் உங்களுக்கு இன்பமா சித்திரவதையா? பதில் தெரிந்தால் எந்த வீடு என்றும் தெரிந்துவிடும்.

கிரேக்கத்துக்கும் இதே கதை. புதிய ஏற்பாட்டை மட்டுமே வாசிக்கும் இடத்தில் மனப்பாடம் உங்களைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டே இருக்கும். காப்பாற்றுவதுதான் ஆபத்து. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து, யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (யோசிபஸ்), எகிப்துப் பாப்பிரசுக் கடிதங்கள் என்று வெளியே கூட்டிப்போகும் படிப்பைத் தேடுங்கள். செவ்வியல் மொழித் துறையோடு சேர்ந்து வகுப்பு நடக்கும் பல்கலைக்கழகமாக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில செமினரிகளில் விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்குவார்கள். பல்கலைக்கழகத் துறைகள் பெரும்பாலானவற்றில் உங்கள் விசுவாசத்தை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களை மோசே எழுதினார் என்று கட்டுரையில் எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதிர்ச்சியை அங்கே போய் அடையாமல் இங்கேயே அடைந்துவிட்டுப் போங்கள்.

நான்காம் படி: ஊர் ஊராக ஒரு சுற்று

இந்தியாவிலிருந்தே தொடங்குவோம். செராம்பூர் கல்லூரி 1818இல் தொடங்கியது, 1827இல் டென்மார்க் அரசரின் சாசனம் பெற்றது. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அதன் ஆட்சிமன்றம்தான் நம் கல்லூரிகள் பலவற்றுக்கும் பட்டம் தருகிறது. பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி, சென்னையில் குருகுல், மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி எல்லாம் இந்தக் குடும்பம். விவிலியப் பிரிவில் எம்.டிஎச். செய்வதற்கு மொழி வேண்டும், ஆனால் படிப்பின் எடை பொருள்விளக்கத்தின் மேல்தான் விழும். ஒரு தலித் வாசிப்பு, ஒரு பெண்ணிய வாசிப்பு செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தூய மொழியியல் வேண்டுமென்றால் குறைபடும். அதை நெறியாளரும் நீங்களும் சேர்ந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு புதையல் இருக்கிறது: கோட்டயம். அங்குள்ள தூய எஃப்ரேம் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனத்தை எல்லோரும் சீரி என்பார்கள். மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தோடு இணைந்து சீரியாக்கில் முதுகலை நடத்துகிறது. சீரியாக் என்பது அரமேயத்தின் ஒரு கிளை. வேதாகமத்தின் மிகப் பழைய மொழிபெயர்ப்புகளில் ஒன்றான பெஷித்தா அந்த மொழியில்தான். கேரளத்தில் அது இன்னும் வழிபாட்டு மொழி, பாட்டாகக் காதில் விழும். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் அரைநாள் தூரம். இதை விட்டுவிட்டு ஐரோப்பாவில் சீரியாக் தேடுகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கத்தோலிக்கர்களுக்கு வழி தெளிவானது. உரோமையில் 1909இல் பத்தாம் பயஸ் நிறுவிய திருத்தந்தையின் விவிலிய நிறுவனம், பேச்சுவழக்கில் பிப்லிக்கும். இறையியலில் முதற்பட்டம் முடித்தவர்கள் அங்கே விவிலியத்தில் லைசென்சியேட் என்ற மேல்பட்டம் செய்யலாம். கிரேக்கமும் எபிரேயமும் கையில் இருந்தால்தான் முதன்மை வகுப்பு, இல்லாதவர்களுக்கு ஆயத்த வகுப்பு. இத்தாலியன் கற்றே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் உலகிலேயே மொழியில் கடுமையாக வேலை வாங்கும் இடங்களில் அது ஒன்று, வாசிக்காமல் தப்பிக்க முடியாது. எருசலேமிலும் அதற்கு ஓர் இல்லம் உண்டு. எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்க மாணவர்களை அனுப்புவார்கள். எருசலேமிலேயே 1890 முதல் இயங்கும் தொமினிக்கத் துறவியரின் எக்கோல் பிப்லிக் என்ற விவிலியப் பள்ளியும் இருக்கிறது, அதற்குப் பிரெஞ்சு வேண்டும்.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகம் என்றதும் எல்லோருக்கும் கண் விரிகிறது. விரியட்டும். பேராசிரியர்கள், நூலகம், கல்வெட்டுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, தெருவில் பேசும் நவீன எபிரேயம் காதையும் நாக்கையும் பழக்கும், வாசிக்கும் வேகத்தைக் கூட்டும், ஆனால் வேத எபிரேயத்துக்கு ஈடாகாது. பழைய ஏற்பாட்டின் கதைசொல்லும் வினைவடிவமான “வய்யோமெர்” இன்றைய பேச்சில் கிடையாது. இரண்டாவது, 2023 அக்டோபருக்குப் பின் அங்கே வகுப்பு, விமானம், விசா எதுவும் முன்போல உறுதியாக இல்லை. மாற்று ஏற்பாடு ஒன்று கையில் இல்லாமல் அங்கே மட்டும் விண்ணப்பிக்காதீர்கள்.

பிரிட்டனில் ஓராண்டு முதுகலைதான் வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் செவ்வியல் எபிரேயத்துக்கென்றே ஓராண்டுப் படிப்பு உண்டு, எடின்பரோவில் விவிலிய இயலில் உண்டு. நேரம் குறைவு, போகும்போதே மொழியோடு போக வேண்டும். கேம்பிரிட்ஜில் டிண்டேல் ஹவுஸ் என்ற விவிலிய ஆய்வு நூலகம் இருக்கிறது. அவர்கள் வெளியிட்டிருக்கும் ஸ்டெப் பைபிள் என்ற இலவச மென்பொருள் உங்களுக்கு இன்றைக்கே உதவும், முதல் படியின் சோதனை நாள் தவிர.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. டூபிங்கனும் ஹைடல்பெர்க்கும் அந்த மாநிலத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். அங்கே இறையியல் மாணவர்களுக்கு ஹெப்ரைக்கும், கிரைக்கும், லத்தீனும் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனித் தேர்வு. நம்மவர்கள் பி.டி.யில் ஒரு தாள் எழுதிவிட்டு ‘கிரேக்கம் தெரியும்’ என்று போட்டுக்கொள்வதை நினைத்துக்கொண்டேன். ஜெர்மன் மொழி தெரியாமல் போவதில் அர்த்தமில்லை. நெதர்லாந்தில் லெய்டன் எபிரேயத்துக்கும் அரமேயத்துக்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்தில் எபிரேய வேதத்தின் ஒவ்வொரு சொல்லையும் இலக்கணக் குறிப்போடு கணினித் தரவாக்கிய மையம் உண்டு. நிரல் எழுதத் தெரிந்த ஐ.டி. தம்பிகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாக: எம்.டிவ். போதகர் பட்டம், அதில் மொழி ஒரு பகுதி மட்டுமே. பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கு முழு உதவித்தொகை கிடைக்கும், முதுகலைக்குப் பெரும்பாலும் கைக்காசு. கடன் வாங்கி அங்கே முதுகலை செய்யாதீர்கள். நம் ஊர் ஆயர் சம்பளத்தில் அதை அடைக்க முடியாது.

ஐந்தாம் படி: கையேட்டை நம்பாதீர்கள், கால அட்டவணையைக் கேளுங்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நான் சேர்ந்த கல்லூரியின் கையேட்டில் எபிரேயம் மூன்று நிலை, அரமேயம், சீரியாக், உகரித்து என்று பட்டியல் பளபளவென்று இருந்தது. உகரித்துக்காகவே போனேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாடத்தை நடத்த வந்து போகும் பேராசிரியர் ஒருவர் தேவை, குறைந்தது ஐந்து மாணவர் தேவை. நாங்கள் இரண்டு பேர். முதல் வருடம் நடக்கவில்லை, இரண்டாம் வருடம் அந்த இன்னொருவரும் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். கையேட்டில் மட்டும் அது அப்படியே இருந்தது, நான் வெளியேறிய பிறகும். உகரித்தைப் பின்னால் நானே தட்டுத்தடுமாறிப் படித்தேன். இன்றுவரை அதில் என் கால் ஊன்றவில்லை.

ஆகவே துறைக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது “என்னென்ன பாடங்கள் உண்டு” என்று கேட்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டில் எவை உண்மையில் நடந்தன, எந்த நூலின் எந்த அதிகாரங்கள் வாசித்தார்கள் என்று கேளுங்கள். தேர்வில் முன்பின் பார்க்காத பகுதி கொடுப்பார்களா, அகராதி உண்டா இல்லையா, மென்பொருள் அனுமதியா என்று கேளுங்கள். பார்க்காத பகுதி கேட்காத தேர்வு மனப்பாடத் தேர்வு. மேல்நிலை மொழி வகுப்பை நிலையான ஆசிரியர் எடுக்கிறாரா, ஆராய்ச்சி மாணவர் எடுக்கிறாரா என்பதும் முக்கியம்.

நெறியாளராக நீங்கள் மனதில் வைத்திருப்பவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதைக் கேட்க நமக்கு வாய் வராது. பெரியவரிடம் போய் “எப்போ ரிட்டையர் ஆவீங்க” என்று எப்படிக் கேட்பது? அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களை ஏற்கிறாரா என்று கேளுங்கள். பதில் வந்துவிடும். அவர் அண்மையில் எழுதிய இரண்டு கட்டுரையாவது வாசித்துவிட்டு எழுதுங்கள். வாசித்ததில் ஒரு சந்தேகம் கேட்டு எழுதும் மின்னஞ்சலுக்குப் பதில் வரும் வேகமே வேறு.

அங்கே படிக்கும் மாணவர் ஒருவரை எப்பாடுபட்டாவது பிடியுங்கள். மலையாளியோ மிசோவோ யாராவது இருப்பார். அவரிடம், “அண்ணா, போன வாரம் வகுப்புல என்ன வாசிச்சீங்க?” என்று மட்டும் கேளுங்கள். “ஏசாயா நாற்பது, பன்னிரண்டு வசனம், சாக்கடல் பக்கம் கிடைத்த கும்ரான் சுருளோடு ஒப்பிட்டு” என்று சட்டென்று வந்தால் அது வாசிக்கும் துறை. “மெத்தடாலஜி செமினார் போயிட்டு இருக்கு” என்று இழுத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: பட்டம் செல்லுமா, பணம் எங்கே?

கத்தோலிக்கக் குருமடத்தில் கற்பிக்கத் திருச்சபைச் சட்டப்படியான பட்டம் கேட்பார்கள். செராம்பூர் கல்லூரியில் வேலை வேண்டுமென்றால் உங்கள் வெளிநாட்டுப் பட்டத்தை எதற்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள் என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவிசேஷகக் கல்லூரிகள் பல ஆசிய இறையியல் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்றவை. அது கல்லூரிகளின் கூட்டமைப்பு, அரசுப் பல்கலைக்கழகம் ஆகாது. கலைக் கல்லூரியில் வேலைக்கு அது உதவாது. கல்வியில் குறை என்று சொல்லவில்லை, நியமனக் குழு காகிதத்தைத்தான் பார்க்கும்.

உதவித்தொகையில் பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும், முடித்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஃபெலிக்ஸ் உதவித்தொகை இந்திய மாணவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் உண்டு. முனைவர் படிப்புக்குப் போகும் சுவிசேஷக ஆசிரியர்களுக்கு லாங்ஹம். ஜெர்மனிக்கு விசா கேட்கும்போது முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும் வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. கட்டணம் இல்லை என்று கேட்டு மகிழ்ந்துபோன பல பேர் இந்த எண்ணில் வந்து நின்றுவிடுகிறார்கள். மறைமாவட்டமோ திருமண்டலமோ அனுப்பினால் திரும்பி வந்து எத்தனை வருடம் எங்கே பணி என்பதை எழுத்தில் வாங்குங்கள். எபிரேயத்தில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவரைப் பள்ளித் தாளாளராகப் போட்ட கதை நம் ஊரில் புதிதல்ல.

ஏழாம் படி: நாள்காட்டி

ஒன்றரை வருடம் முன்பே தொடங்குங்கள். இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் நல்ல இடங்களுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விழும். செவனிங் அதற்கும் முன்பே, அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடிவிடும். ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம் மூன்றில் அதிகம் இழுப்பது மதிப்பெண் பட்டியல்தான். கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய் உட்காருங்கள். பரிந்துரை எழுதும் ஆசிரியருக்கு நீங்கள் வாசித்த பகுதிகளின் பட்டியலைக் கொடுங்கள். “நல்ல பையன், ஒழுக்கமானவன்” என்ற கடிதத்துக்கு அங்கே மதிப்பு இல்லை. “ஆமோஸ் முழுவதையும் என்னோடு எபிரேயத்தில் வாசித்தான்” என்ற ஒரு வரிக்கு உண்டு.

மாதிரிக் கட்டுரை கேட்பார்கள். அதில் தமிழை ஒளிக்காதீர்கள். நமக்குக் கையிலேயே இருக்கும் பலம் அது. லூக்கா 15:20இல் “அனஸ்தாஸ் ஏல்தென்” என்று வருகிறது. எச்சம் ஒன்று, முற்று ஒன்று. ஆங்கில இலக்கண நூல்கள் இந்த எச்சத்தை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதும். தமிழ்ப் பிள்ளைக்கு அது ‘எழுந்து வந்தான்’. யோனா 1:3இல் “வய்யாகோம் யோனா” என்று தொடங்கி வினைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு போவதும் நமக்கு ‘எழுந்து, போய், கண்டு, கொடுத்து, ஏறி’தான். வேற்றுமை உருபுகளோடு பிறந்தவனுக்குக் கிரேக்க வேற்றுமை பயம் காட்டாது. அதே சமயம், இரண்டும் ஒன்றேதான் என்று எழுதிவிடாதீர்கள். எபிரேயத்தில் ஒவ்வொரு வினையும் தனித்தனி முற்று. நாம்தான் அவற்றை எச்சமாக்கிக் கோக்கிறோம். அந்த இடைவெளியில் என்ன இழக்கிறோம் என்பது நல்ல ஆய்வுத் தலைப்பு. எடுத்துக்கொள்ள விரும்புகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டால்

போன வருடம் பேசிய தம்பிக்கு இது நடந்தது. பெங்களூரில் ஒன்று, இங்கிலாந்தில் பாதிக் கட்டணச் சலுகையோடு ஒன்று. மறுபடி போன் வந்தது. இரண்டு இடத்திலும் போன பருவத்தில் வாசித்த பகுதிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொன்னேன். இங்கிலாந்திலிருந்து வந்த பட்டியலில் பாதி ஆங்கிலக் கட்டுரைகளாக இருந்தன. பெங்களூரில் அவருக்கு வாய்த்த நெறியாளர், வியாழக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் நான்கைந்து பேரை உட்கார வைத்து வாசிப்பவர். அந்த வாசிப்பு பாடத்திட்டத்தில் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. தம்பி பெங்களூர் போனார். அவர் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அம்மா என்னிடமே கேட்டார்கள், “ஐயா, லண்டன்காரன் கூப்பிட்டும் போகாம இருக்கலாமா?” என்று. நான் பதில் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம். பழைய யூதாவின் நகரமான லாகீசில் 1935இல் கிடைத்த எபிரேயப் பானையோட்டுக் கடிதங்களில் ஒன்றை நோட்டில் எழுதி, இரண்டு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: “ஐயா, மூணாவது வரி வினை எந்த வேர்ச்சொல்னு பிடிபடல. சொல்லிடாதீங்க, நாளைக்குள்ள கண்டுபிடிக்கறேன்.”